கோவிட்டும் மூளையும்: இத்தனை ஆண்டு ஆராய்ச்சி எந்தப் பக்கம் போயிருக்கிறது?

லேப்_அக்கா | ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். கோவிட் வந்தவர்களுக்கு மூளை சுருங்கிவிடும் என்று ஒரு குரல் பதிவு மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பயந்துபோய், தலையை ஸ்கேன் எடுக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. நான் ஈப்போவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், டாக்டர் இல்லை. ஆனால் கோவிட்டும் நரம்பு மண்டலமும் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை 2020 முதல் விடாமல் படித்து வருகிறேன். அவை எப்படித் தொடங்கி எங்கே வந்து நிற்கின்றன என்று தெரிந்தால் அந்தக் குரல் பதிவில் எது மெய், எது மிகை என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கட்டம் 2020-இன் முற்பாதி. பிப்ரவரியிலேயே, இந்தக் கிருமி மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுக்குள் நுழைந்துவிடலாம், மூச்சுத்திணறலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து வெளியானது. கோவிட் நோயாளிகளின் மூளையைப் பார்த்து எழுதியதல்ல அது. பழைய சார்ஸ், மெர்ஸ் கிருமிகளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்ததை வைத்துச் செய்த ஊகம். ஏப்ரலில் வூஹான் டாக்டர்கள் மருத்துவமனையில் இருந்த 214 பேரின் பதிவேடுகளைப் புரட்டி, 36.4 விழுக்காட்டினருக்கு நரம்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஓர் அறிகுறி இருந்தது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் தலைசுற்றலும் தலைவலியும் சேர்த்தி. அதே மாதத்தில் வெளியான கட்டுரைகளின்படி, வட இத்தாலியில் 5 பேருக்குக் கில்லன்-பாரே வந்தது, அதாவது கால் கை மரத்து ஓய்ந்துபோகும் நரம்பு நோய். நியூயார்க்கில் 50 வயது கூட ஆகாத 5 பேருக்குப் பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது.

5 பேர், 5 பேர் என்று வருவதைக் கவனியுங்கள். வார்டில் கண்ணால் கண்டதை டாக்டர்கள் உடனே எழுதி மற்ற நாட்டு டாக்டர்களை எச்சரித்தார்கள். அந்த நேரத்தில் அது பெரிய சேவை. ஆனால் கோவிட் இல்லாத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை. ஆகவே 'கோவிட்டோடு சேர்ந்து வந்தது' என்றுதான் அந்தக் கட்டுரைகள் சொல்லும், 'கோவிட்டால் வந்தது' என்பதை அவற்றால் சொல்ல முடியாது. நம் குழுக்களில் இன்னும் ஓடுவது பெரும்பாலும் இந்த முதல் கட்டச் செய்திதான்.

அடுத்த கட்டங்களைப் பிறகு எழுதுகிறேன். உங்களுக்கு என்ன கேட்கணுமோ கேளுங்கள்.

மண்டோர்_சிப்புட் | ஞாயிறு, இரவு 9.02

அக்கா, நான் படிச்சவன் இல்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்காரிக்கு 2021-ல வந்துச்சு. காய்ச்சல் நாலஞ்சு நாள்ல விட்டுருச்சு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகல. வாசனை மட்டும் சுத்தமா போச்சு. பெறகு திரும்பி வந்துச்சு, ஆனா தப்பா வந்துச்சு. வெங்காயம் வதக்குனா மண்ணெண்ண நாத்தம்ங்கிறா. காப்பித்தூள் டின்னத் தொறந்தா டயர் எரியிற மாதிரி இருக்காம். இப்பக்கூட சம்பாலுக்கு நான்தான் வெங்காயம் வதக்குறேன், அது ஆர்ற வரைக்கும் அவ பின்வாசல்ல நிப்பா. காலையில வெட்டு ஆளுங்கள அனுப்பிட்டு வந்து சமையலும் நான்தான்.

நரம்பு செத்துப்போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா?

கே.எல்_மாணவன் | ஞாயிறு, இரவு 9.48

அண்ணே, நான் சிப்புட் பையன்தான், கோலாலம்பூரில் நரம்பியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். உங்கள் கேள்விக்கு ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது.

இந்தக் கிருமி ஒரு செல்லுக்குள் நுழைய ஏ.சி.இ.2 என்ற புரதம் அந்தச் செல்லின் மேல் இருக்க வேண்டும். வாசனையை உணரும் நரம்புச் செல்களில் அந்தப் புரதம் இல்லை, அவற்றுக்கு முட்டுக் கொடுத்து ஊட்டமளிக்கும் தாங்கு செல்களில்தான் இருக்கிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020 ஜூலையில் காட்டினார்கள். 2021-இல் ஐரோப்பியக் குழு ஒன்று, கோவிட்டில் இறந்தவர்களின் மூக்குத் திசுவை இறந்த சிறிது நேரத்திலேயே எடுத்துப் பார்த்தது. கிருமி இருந்தது தாங்கு செல்களில்தான். தாங்கு செல் சரிந்தால் பக்கத்தில் இருக்கும் நரம்பு வேலை செய்யாது, ஆனால் அதுவே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, வாசனை நரம்புச் செல்கள் நம் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைக்கக்கூடியவை. முளைத்து மூளைக்குள் மறுபடி இணையும்போது இணைப்பு மாறிப்போனால் வெங்காயம் மண்ணெண்ணெயாகத் தெரியும். தப்பாக வருகிறது என்றால் நரம்பு வேலை செய்கிறது என்றுதான் பொருள். உங்கள் வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வாசனைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2009-லேயே, அதாவது கோவிட்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று 4 வாசனை. காலையிலும் இரவிலும், ஒவ்வொன்றையும் சில விநாடி நிதானமாக முகர வேண்டும். முகரும்போது அந்தப் பொருளை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 12 வாரம். கிராம்பும் எலுமிச்சையும் அடுப்படியில் இருக்கும், யூகலிப்டஸ் தைலமும் பன்னீரும் சாமான் கடையில் கிடைக்கும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லை, தீங்கும் இல்லை.

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 7.20

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பேச்சைப் படித்ததும் எனக்கு 1998 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டின் இறுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில்தான் நீப்பா நோய் தொடங்கியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், ஆனாலும் பண்ணை ஆட்கள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா என்று பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். நம் நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அப்போது நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. குணமாகி வீட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது. மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர்கள் இதை 2002-இல் எழுதினார்கள். அப்படியானால் கோவிட் கிருமியும் மூளைக்குள் ஒளிந்திருக்கலாம் அல்லவா? தம்பி சொல்வதுபோல மூக்கோடு நின்றுவிட்டது என்று எப்படித் துணிவது?

கே.எல்_மாணவன் | திங்கள், பிற்பகல் 1.10

ஐயா, மிக முக்கியமான கேள்வி. நீப்பா கிருமி மூளையின் நரம்புச் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவதை மலாயாப் பல்கலைக்கழக நோய்க்கூறியல் துறையினர் இறந்தவர்களின் திசுவில் பார்த்தார்கள். ரத்தக்குழாய்களையும் அது தாக்கியது. அது நேரடி மூளைக்காய்ச்சல்.

கோவிட்டில் அப்படிக் கிடைக்கவில்லை, அல்லது எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் டாக்டர் அவிந்திர நாத் குழுவினர் இறந்த 18 பேரின் மூளையை ஆராய்ந்து 2020 டிசம்பர் கடைசியில் வெளியிட்டார்கள். சன்னமான ரத்தக்குழாய்கள் சேதமாகி, ரத்தப் புரதம் மூளைத் திசுவுக்குள் கசிந்திருந்தது. கிருமியை அவர்களால் காண முடியவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த 44 பேரின் பிணப் பரிசோதனையில், சிலருக்கு மூளை உட்பட உடம்பெங்கும் கிருமியின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. ஒருவருக்கு அறிகுறி தொடங்கி 230 நாள் கழித்தும் இருந்தது. இரண்டும் முரண்போலத் தெரியும். பின்னதில் இருந்தவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போடாத, கடுமையாக நோயுற்று இறந்தவர்கள். கிருமித் துணுக்கு இருந்தும் மூளையில் பெரிய அழற்சி இல்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆகவே 'கிருமி மூளைக்குள் போகவே போகாது' என்று நான் சொல்லவில்லை. வீட்டோடு இருந்து குணமானவர்களின் மூளை மந்தத்துக்கு, அதாவது மறதிக்கும் யோசனைத் தடுமாற்றத்துக்கும், அதுதான் காரணம் என்று காட்டிய சான்று இல்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியின் போக்கே இந்த இடத்தில்தான் திரும்பியது. 2020-இல் எல்லாரும் கேட்ட கேள்வி: கிருமி மூளைக்குள் நுழைகிறதா? 2022-க்குப் பிறகு கேட்பது: நுரையீரலில் நடக்கும் சண்டை மூளையை எப்படிக் கெடுக்கிறது? அமெரிக்காவில் மிஷெல் மோன்ஜே, அகிகோ இவாசாகி குழுக்கள் எலியின் மூச்சுக்குழாயில் மட்டும் லேசான தொற்றை உண்டாக்கிப் பார்த்தார்கள். மூளையில் கிருமி இல்லை. இருந்தும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் முறுக்கேறி நின்றன, நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை குறைந்தது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு வரும் மறதியிலும் கிட்டத்தட்ட இதே மாற்றம்தான். 2024-இல் டப்ளின் ஆய்வாளர்கள், மூளை மந்தம் இருக்கும் நெடுங்கால கோவிட் (தொற்று போன பிறகும் அறிகுறி மாதக்கணக்கில் நீடிப்பது) நோயாளிகளுக்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு கசிவதை ஸ்கேனில் காட்டினார்கள். கசிவு என்பது 2020-இன் அந்த 18 மூளைகளிலேயே தெரிந்தது. அதை உயிரோடு இருப்பவர்களிடம் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஜாலோங்_பையன் | திங்கள், மாலை 6.33

எல்லாம் சரி. ஆனா ஆயிரக்கணக்கான பேப்பர் வந்திருக்கே, இத்தனை நாட்டுக்காரங்க எழுதறாங்கன்னா மூளை பாதிப்பு உறுதிதானே? நீங்க ஏன் இவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்றீங்க?

லேப்_அக்கா | திங்கள், இரவு 8.40

தம்பி, கட்டுரை எண்ணிக்கையை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஏன் என்று விளக்குகிறேன், இதுதான் நான் இந்த இழையைத் தொடங்கியதற்கே காரணம்.

கட்டுரைகளையே கணக்கெடுத்து ஆராயும் ஒரு துறை இருக்கிறது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் கோவிட், நரம்பு, மூளை என்று தேடி, கிடைப்பதையெல்லாம் இறக்கி, எந்த நாடு எவ்வளவு எழுதியது, எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன, எதை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணினியில் போட்டுப் படம் வரைவார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் உருவாக்கிய வோஸ்வியூவர் என்ற மென்பொருளைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். அப்படி வரைந்த படங்களில் முதலில் வாசனை இழப்பு, பக்கவாதம், கில்லன்-பாரே, மூளையழற்சி என்ற சொற்கள் பெரிதாக நிற்கும். காலம் போகப்போக நெடுங்கால கோவிட், மறதி, மூளை மந்தம், நரம்பழற்சி, மைக்ரோகிளியா என்று மாறும். அமெரிக்கா, சீனா, இத்தாலி ஆகியவை முன்வரிசையில் இருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை இந்தப் படம் சரியாகவே காட்டும். அவர்கள் பேசியது மெய்யா என்பதை அது காட்டாது. ஆரம்பத்தில் வந்த கட்டுரைகளில் நோயாளியையே பார்க்காத தொகுப்புக் கட்டுரைகள் ஏராளம். வூஹானின் அதே 214 பேரைத்தான் அத்தனை பேரும் எடுத்துச் சொன்னார்கள். முதலில் வந்ததால் மேற்கோள் குவிந்தது. அதைவிட நன்றாகச் செய்த ஆய்வு 2022-இல் வந்தாலும் அந்த எண்ணிக்கையைத் தொடாது.

அவசரத்தில் தவறும் நடந்தது. நரம்பியல் சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் மறக்கக்கூடாது: சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை நம்பி வெளியிட்ட கட்டுரைகளை லான்செட்டும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழும் 2020 ஜூன் 4 அன்று, ஒரே நாளில், திரும்பப் பெற்றன. உலகின் தலைசிறந்த இரண்டு இதழ்கள். அந்தத் தரவைச் சரிபார்க்கக் கேட்டபோது நிறுவனம் தரவில்லை.

நான் ஒரு கட்டுரையைத் திறந்தால் முதலில் தேடுவது, யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான். அடுத்தது, நோய்க்கு முன்பு அந்த ஆள் எப்படி இருந்தார் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது. இவை இல்லாத கட்டுரை ஆயிரம் சேர்ந்தாலும் எனக்குப் போதாது.

ஜாலோங்_பையன் | திங்கள், இரவு 9.15

அப்போ மூளை சுருங்குதுன்னு சொன்ன ஆய்வு? அது பொய்யா?

லேப்_அக்கா | திங்கள், இரவு 10.05

பொய் இல்லை. நல்ல ஆய்வு, அதைத்தான் அந்தக் குரல் பதிவு திரித்துவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் க்வெனெல் டூவோ குழுவினர் 2022 மார்ச்சில் நேச்சரில் வெளியிட்டது. பிரிட்டனில் யு.கே. பயோபேங்க் என்ற பெரிய திட்டத்தில் கோவிட்டுக்கு முன்பே பலருக்கு மூளை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் 51 முதல் 81 வயது வரையிலான 785 பேரை மறுபடி கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். 401 பேருக்கு இடையில் கோவிட் வந்திருந்தது, 384 பேருக்கு வரவில்லை. நான் மேலே கேட்ட இரண்டும், ஒப்பீடும் முந்தைய நிலையும், இங்கே இருக்கின்றன பாருங்கள்.

வந்தவர்களுக்கு வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் சாம்பல் திசு கூடுதலாகக் குறைந்திருந்தது. எவ்வளவு? 0.2 முதல் 2 விழுக்காடு வரை. பெரும்பாலோர் மருத்துவமனைக்கே போகாதவர்கள் என்பதால் இதை லேசாக விடக்கூடாது. ஆனால் இது கூட்டத்தின் சராசரி. ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து 'இது கோவிட் மூளை' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மூக்கிலிருந்து தகவல் வராததால் அந்தப் பகுதி குன்றியதா, அழற்சியாலா என்பதும் அந்த ஆய்வில் முடிவாகவில்லை. அதனால்தான் ஸ்கேனுக்குக் காசு கட்டாதீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இரண்டாம் கட்டத்தின், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய காலத்தின், மற்றப் பெரிய ஆய்வு 2021-இல் வந்தது. 2,36,379 பேர், பெரும்பாலும் அமெரிக்க மருத்துவப் பதிவேடுகள். ஆறு மாதத்துக்குள் 33.62 விழுக்காட்டினருக்கு நரம்பு அல்லது மனநலம் சார்ந்த ஏதாவது ஒரு நோய் பதிவாகியிருந்தது. மூன்றில் ஒருவருக்கு மூளை நோய் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. உள்ளே போனால் அதில் பெரும்பங்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும். முன்பே இருந்து மறுபடி பதிவானவையும் சேர்த்தி. மூளை ரத்தக்குழாய் அடைப்பு 2.1 விழுக்காடு. ஆனாலும் சளிக்காய்ச்சல் வந்தவர்களோடு ஒப்பிட்டபோது கோவிட் வந்தவர்களுக்குப் பெரும்பாலானவை கூடுதலாகத்தான் இருந்தன. பயமுறுத்துவதற்கும் இந்தக் கட்டுரை பயன்படும், ஒன்றுமில்லை என்று தள்ளுவதற்கும் பயன்படும். இரண்டு வகை ஆட்களையும் பார்த்துவிட்டேன்.

பழைய_டிரெஸ்ஸர் | செவ்வாய், காலை 6.50

படித்துக்கொண்டே வருகிறேன். தோட்ட மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரெஸ்ஸராக இருந்தவன் நான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கணக்குகளில் நம் ஆட்கள் எங்கே?

அமெரிக்காவில் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் பதிவேட்டை வைத்து எடுத்த ஆய்வை நானும் படித்தேன். 1,54,068 கோவிட் நோயாளிகள், ஓராண்டு கழித்து நரம்பு நோய் ஏதாவது வரும் வாய்ப்பு 42 விழுக்காடு கூடுதல் என்று 2022-இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வயதான வெள்ளைக்கார ஆண்கள். பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்கள் தாமாகவே முன்வந்த, ஓரளவு வசதியான ஆட்கள். அவர்களுடைய பழைய ஸ்கேன் பெட்டியில் இருக்கிறது. நம் லயத்து மாரியாயி 2021-இல் காய்ச்சலோடு இரண்டு வாரம் படுத்திருந்தாள். பாசிட்டிவ் என்றால் வேலைக்கு விட மாட்டார்கள், சம்பளம் போய்விடும் என்று டெஸ்ட்டே எடுக்கவில்லை. ஆண் பெண் எத்தனை பேர் அப்படி! அவர்களுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. இன்று அவள் உரமூட்டையை எங்கே இறக்கினோம் என்று மறந்துவிட்டு நின்றால், மேற்பார்வையாளர் சோம்பேறி என்கிறார்.

நீப்பாவைப் பற்றி வாத்தியார் சொன்னதில் எனக்கு ஒன்று படுகிறது. அந்த நோய் திரும்ப வரும் என்று உலகுக்குச் சொன்னது நம் நாட்டு மருத்துவர்கள். எப்படித் தெரிந்தது? குணமானவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள், பெயர் பெயராக. கோவிட்டில் தோட்ட ஆட்களை யார் அப்படிப் பின்தொடர்ந்தார்கள்?

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், காலை 8.05

டிரெஸ்ஸர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆராய்ச்சி வரைபடத்தில் நாடுகளின் வட்டம் பெரிதும் சிறிதுமாக இருப்பது நோய் எங்கே அதிகம் என்பதைக் காட்டவில்லை. பணமும் பதிவேடும் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறது. பழைய செய்தி ஒன்றும் சொல்கிறேன். 1917-இல் வியன்னாவில் வான் எகனோமோ என்ற மருத்துவர், தூங்கியே கிடக்கும் ஒரு மூளையழற்சியை விவரித்தார். அதற்கடுத்த ஆண்டு பெரிய சளிக்காய்ச்சல் உலகையே வாரிக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நூறாண்டு கடந்தும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்று ஒழுங்காகத் திசுவும் பதிவும் சேமித்து வைத்திருந்தால் இன்று விடை கிடைத்திருக்கக்கூடும்.

ஜாலோங்_பையன் | செவ்வாய், பிற்பகல் 12.30

தடுப்பூசியாலதான் இந்த நரம்புப் பிரச்சினை எல்லாம்னு எங்க மாமா சொல்றாரு. அதைப் பத்தி யாரும் வாயே திறக்கலியே?

கே.எல்_மாணவன் | செவ்வாய், பிற்பகல் 2.20

திறக்கிறேன் தம்பி. அஸ்ட்ராஜெனெகா, ஜான்சன் தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாகக் கில்லன்-பாரே வரும் என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2021-லேயே எச்சரிக்கை சேர்த்தன. யாரும் மறைக்கவில்லை. அளவையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் தடுப்பூசி போட்ட 3 கோடிக்கும் அதிகமானோரைக் கணக்கில் எடுத்த ஆய்வு அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. அஸ்ட்ராஜெனெகாவின் முதல் ஊசிக்குப் பின் 1 கோடிப் பேருக்கு 38 பேருக்குக் கூடுதலாகக் கில்லன்-பாரே வந்தது. கோவிட் தொற்றுக்குப் பின் 1 கோடிப் பேருக்கு 145. மாமாவிடம் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 38 பேர் என்பதும் மனிதர்கள்தான், அதனால் ஊசியால் ஒன்றுமே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கிராணி_மகள் | செவ்வாய், இரவு 7.55

எல்லாருக்கும் வணக்கம், புதுசாகச் சேர்ந்தவள். என் அம்மாவுக்கு 63 வயது. 2022-இல் கோவிட் வந்து போனது. அதற்குப் பிறகு பேச்சு நடுவில் நின்றுவிடுகிறது. 'அந்த... அதுதான்... அது' என்று தேடுகிறார். தையல் வேலை செய்கிறவர், சட்டைக்கு அளவு எடுத்துவிட்டு எழுதுவதற்குள் மறந்துவிடுகிறார். காலும் மரத்துப்போகிறது என்கிறார். ஒரு கிளினிக்கில் காட்டினேன், வயசாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நெடுங்கால கோவிட்டா? சரியாகுமா?

கே.எல்_மாணவன் | செவ்வாய், இரவு 8.30

அக்கா, ஆராய்ச்சியில் தெரிந்ததைச் சொல்கிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 1,12,964 பேர் இணையத்தில் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளை முடித்தார்கள். கோவிட் வந்து முழுக்கத் தேறியவர்களுக்கும் வராதவர்களைவிடச் சிறிய குறை இருந்தது, ஐ.க்யூ. அளவில் சொன்னால் சுமார் 3 புள்ளி. அறிகுறி விடாமல் தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 6 புள்ளி. முதல் அலைகளில் வந்தவர்களைவிட ஒமிக்ரான் காலத்தில் வந்தவர்களுக்குக் குறை சிறிதாகவே இருந்தது. உங்கள் அம்மாவுக்கு 2022-இல் வந்ததால் ஒமிக்ரானாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஆரம்பத்தில் நெடுநாள் இருந்த அறிகுறிகள் பிறகு விட்டுப்போனவர்களின் மதிப்பெண், சீக்கிரம் தேறியவர்களின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

மருந்து என்று உறுதியாக ஒன்றும் இல்லை. கோவிட்டுக்குக் கொடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்து ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். நெடுங்கால அறிகுறிகளில் மாற்றம் இல்லை என்று 2024-இல் வெளியானது. ஆகவே இதற்கென்று விலை உயர்ந்த மாத்திரை விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

லேப்_அக்கா | செவ்வாய், இரவு 9.10

கிராணி மகளே, ஒரு கேள்வி. அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா? மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா?

கிராணி_மகள் | செவ்வாய், இரவு 9.22

ஆமாம் அக்கா. 12 வருஷமாக. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

லேப்_அக்கா | செவ்வாய், இரவு 10.15

அப்படியானால் கோவிட் என்று முடிவு கட்டுவதற்கு முன் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுக்கிறவர்களுக்கு பி12 சத்து உடம்பில் சேர்வது குறையும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், மறதி வரும், சோர்வு வரும். நீங்கள் சொன்ன அத்தனையும்! மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். இது ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது, நாள் தள்ளினால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். கூடவே தைராய்டு, ரத்தசோகை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் சமூகத்தில் இனிப்பு நீர் மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இந்த மாத்திரை இருக்கிறது. மறதி என்று வரும் ஒவ்வொருவரையும் 'கோவிட்' என்றோ 'வயசு' என்றோ ஒதுக்கிவிட்டால் குணமாக்கக்கூடியதைக் கைவிட்டவர்களாவோம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. 63 வயது மறதிக்கான வயதே இல்லை.

டிரெஸ்ஸர் ஐயா கேட்டதற்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறைப்படி, நெடுங்கால கோவிட் என்று சொல்லப் பாசிட்டிவ் சீட்டு கட்டாயமில்லை. தொற்று வந்திருக்க வாய்ப்புண்டு என்றாலும் போதும். தொற்றி வழக்கமாக 3 மாதத்தில் தெரிய வேண்டும், 2 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். மாரியாயிக்கும் இது பொருந்தும். டெஸ்ட் எடுக்கவில்லை என்பதால் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

பழைய_டிரெஸ்ஸர் | புதன், காலை 6.40

நல்ல விஷயம் சொன்னீர்கள் அம்மா. இந்த ஞாயிறு மாரியாயியை நானே பார்த்துப் பேசுகிறேன். தோட்டத்தில் அன்று காய்ச்சலில் படுத்தவர்கள் யார் யார் என்று எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது. அவர்கள் சம்மதித்தால் எப்போது வந்தது, இப்போது என்ன குறை, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். மாணவத் தம்பி, ஒரு நினைவாற்றல் சோதனையும் சேர்த்து வைத்தால் பயனுண்டா?

கே.எல்_மாணவன் | புதன், பிற்பகல் 1.45

உண்டு ஐயா. மோக்கா என்ற சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, ஆனால் அதை நடத்தப் பயிற்சி வேண்டும். படிப்புக் குறைந்தவர்களுக்கு மதிப்பெண்ணைச் சரிக்கட்டவும் வேண்டும், ஒரு புள்ளி கூட்டுவது நம் பழைய தோட்டத்து ஆட்களுக்குப் போதாது என்பது என் கருத்து. நான்காம் வகுப்போடு பால்வெட்டுக்குப் போன ஒருவர் கனசதுரம் வரையத் தெரியாமல் விழித்தால் அது மறதி இல்லை. பெயர் விவரங்களை வெளியில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆய்வாகச் செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், என் மேற்பார்வையாளரிடம் பேசுகிறேன். அதற்குள் நீங்கள் எழுதும் நோட்டு அவரவர் டாக்டரிடம் காட்டுவதற்கே பயன்படும்.

மண்டோர்_சிப்புட் | புதன், இரவு 8.50

ஐயா, எங்க வீட்டையும் அந்த நோட்டுல எழுதிக்குங்க. கிராம்பும் எலுமிச்சையும் ஆரம்பிச்சிட்டோம். கிராம்பு கிராம்பாத்தான் தெரியுதாம். தம்பி, யூகலிப்டஸுக்குப் பதிலா வீட்டுல இருக்கிற கோடாலித் தைலம் போதுமா?

கே.எல்_மாணவன் | புதன், இரவு 9.05

வேண்டாம் அண்ணே, அதில் புதினாச் சத்து அதிகம், மூக்கில் குளிர்ச்சிதான் தெரியும், வாசனையைப் பிரித்துப் பார்க்க முடியாது. தனி யூகலிப்டஸ் தைலம் கிடைக்காவிட்டால் சேரையை (எலுமிச்சைப்புல்) நசுக்கி வையுங்கள். நாலும் நாலு விதமாக மணந்தால் சரி.